தோற்கிற நேரத்தில் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று பதினோரு மூக்குக்கண்ணாடி. ஒருவர் தன் பழைய ஃபிரேமிலேயே புது லென்ஸ் போடச் சொல்லி அரை மில்லிமீட்டர் தேய்க்க வைத்தார். பதினாறு வருஷமாக இதே வேலை, கை தானாகத் தேய்க்கும். மனசு மட்டும் ஐந்தரை மணிக்கு ஆடப்போகிற கம்ப்யூட்டர் விளையாட்டில் இருந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நாங்கள் நாலு பேர். தலைவி என் நாத்தனார், இவருடைய தங்கை. வேறு ஊரில் இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், விளையாட்டில் அவர்களுக்குப் பெயர் பல்வலி, மூட்டைப்பூச்சி. நான் கோட்டைக் கதவைக் காக்கிறவள். எதிராளிகள் கதவுக்கு வந்து வெடி வைத்தார்கள், திரை முழுக்க நெருப்பு, பொட்டென்று அணைந்துவிட்டது கம்ப்யூட்டர்! மூன்று மாதத்தில் ஏழாவது தடவை.

மறுபடி போட்டு உள்ளே போவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. நாத்தனாரின் குரல் செய்தி மட்டும் காத்திருந்தது. “அண்ணி, ஜெயிக்கும்போதெல்லாம் உங்க வீட்ல கரண்ட் நல்லாத்தான் இருக்கு. தோக்குற நேரம் பார்த்து மட்டும் போயிடுதே, அது எப்படி?”

நான் ஓடினேனாம். நானா? சின்ன வயசில் பல்லாங்குழி தோற்றதற்குக்கூட அழாமல் உட்கார்ந்திருந்தவள் நான்! இவரிடம் சொன்னால், “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மத்தளம். ரெண்டு பக்கமும் இடி” என்று சிரிக்கிறார். சிரிப்பு வருதாம்ல.

மார்ச் 4, புதன்

இன்று அவளோடு பேசவில்லை. நாளைக்கும் பேச மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் கடைக்காரம்மாதான், ஆனால் போய்க் கேட்டது நான்தானே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடைக்குப் போய் நின்றேன். தலை நிமிராமலே கேட்டார்: “அணையுறதுக்கு முன்னாடி நீலத் திரை ஏதாவது வருதா, இல்ல பொட்டுன்னு போகுதா?”

“பொட்டுன்னு.”

“புதுசா கார்டு போட்டீங்களா?”

போட்டேன். மூன்று மாதம் முன்பு, என் பிறந்த நாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட கிராபிக்ஸ் கார்டு.

“அப்ப பவர் சப்ளைதான். பழசு ஐநூத்தைம்பது வாட். திரையில நிறைய வெடிச்சா கார்டு ஒரு கண் இமைக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். பழசால குடுக்க முடியாது. பயந்து தன்னைத்தானே அணைச்சுக்கும்.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. வெடிப்பு எப்போது அதிகம்? கதவு உடையும்போது. கதவு எப்போது உடையும்? நாங்கள் தோற்கும்போது! அதனால்தான் தோற்கிற நேரத்தில் மட்டும் அணைகிறது. அந்தக் கடையிலேயே கைதட்டிவிட்டேன். கடைக்காரம்மா அப்போதுதான் தலை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு நாள் மௌனத்தை உடைத்து நாத்தனாருக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள்.

எவ்வளவு திமிர்! ஆனால் ஒன்று ஒத்துக்கொண்டாள். 22ஆம் தேதி ஞாயிறு, நாலு மணிக்குப் பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்று. அதில் நான் கடைசி வரை இருக்க வேண்டும். அன்றும் பாதியில் காணாமல் போனால் என் இடம் பல்வலியின் மச்சினிக்கு.

பதினாறு நாள் இருக்கிறது. நான் யாரென்று காட்டுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து பவர் சப்ளை, பவர் சப்ளை, பவர் சப்ளை. இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது.

இத்தனை நாள் அது ஒரு தகரப் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் எவ்வளவு இருக்கிறது! வாட் ஒரு கணக்கு. கரண்டை வீணாக்காமல் கொடுப்பதற்குத் தரம் பிரித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பட்டம் வேறு. பிறகு வயர். சாதாரணப் பெட்டியில் எல்லா வயரும் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை. தேவையில்லாததையும் சுருட்டி எங்காவது திணிக்க வேண்டும். மாடுலர் என்றால் வெறும் பெட்டி, முகத்தில் வரிசையாக ஓட்டைகள். வேண்டிய வயரை மட்டும் மாட்டலாம், வேண்டாததைப் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். சொந்தக்காரர்களையும் இப்படிச் செய்திருக்கலாம் என்று இவரிடம் சொன்னேன். “யாரைச் சொல்றேன்னு தெரியுது” என்றார்.

என்னுடைய பழசு பாதி மாடுலர். பெரிய வயர்கள் ஒட்டியவை, டிஸ்க்குக்குப் போகும் வயர் மட்டும் கழற்றி மாட்டுவது. புதுசு முழு மாடுலர்தான் வேண்டும். இதில் நான் ஒரே பிடி.

இவர் லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, கருத்து இல்லாமல் இருப்பாரா? “ஆயிரத்து இருநூறு வாட்டா வாங்கிப் போடு. யானைக்குத் தீனி போடறப்ப கையைச் சுருக்காத” என்றார். என் கார்டு யானை இல்லை, ஒரு நல்ல எருமை. எழுநூற்றைம்பது போதும் என்று கார்டு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் தாராளமாக எண்ணூற்றைம்பது வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 10, செவ்வாய்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இடம் அளந்தேன். கடையிலிருந்து என் ஸ்கேலையே எடுத்து வந்து, டிஸ்க் வைக்கும் கூண்டிலிருந்து பின் சுவர் வரை அளந்தால் 205 மில்லிமீட்டர். ஆயிரத்து இருநூறு வாட் பெட்டி 180 நீளம். மாடுலர் வயர் மாட்டி வளைக்க இன்னும் முப்பதாவது வேண்டும். ஆக அது உள்ளேயே போகாது! இவரிடம் ஸ்கேலைக் காட்டினேன். “சரி, எருமை” என்றார்.

எண்ணூற்றைம்பது வாட், தங்கப் பட்டம், முழு மாடுலர், நீளம் 150. கடைக்காரம்மாவிடம் சொல்லியாயிற்று. “அளந்துட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்” என்றார். வழி நெடுக என் முகத்தில் அசட்டுச் சிரிப்பு. சனிக்கிழமை வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

நாளைக்கு!

மார்ச் 14, சனி

வந்துவிட்டது. என்ன கனம்! பழசைப் போல இரண்டு இருக்கும். கறுப்பு, மூலைகள் வழவழவென்று. வயர்களுக்குத் தனியாக ஒரு துணிப்பை, ஜிப் வைத்தது. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, தொடுவதும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இவர் நின்று பார்த்துவிட்டு, “எனக்கு நிச்சயம் பண்ணப்ப என் போட்டோவைக்கூட நீ இப்படிப் பார்க்கலை” என்றார்.

நாளைக் காலை மாட்டுகிறோம்.

மார்ச் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

நல்லாத்தான் ஆரம்பிச்சோம். பழசைக் கழட்டினேன், புதுசை வெச்சு நாலு ஸ்க்ரூ முடுக்கினேன். பெரிய வயர், கார்டு வயர் எல்லாம் புதுசு, நானே மாட்டினேன். டிஸ்க் வயர் மட்டும் பாக்கி. பழைய வயர் பின்பக்கத் தகட்டுக்குள்ளே அழகா இழுத்துக் கட்டி இருந்தது. போன வருஷம் இவர் கட்டினது. அதை அவிழ்த்துட்டுப் புது வயரை மாட்டணும்னு நான் சொல்றேன், இவர் விடாம அதோட முனையையே புது பவர் சப்ளையில சொருகினார்.

“எதுக்கு அவிழ்க்கிறே? அதே பிளக்தான். பாரு, டக்குன்னு உட்காருது. எங்க தொழில்ல தப்பான பிளக் ஓட்டைக்குள்ளேயே போகாது. போச்சுன்னா சரியானதுன்னு அர்த்தம்.”

உட்கார்ந்தது என்னவோ நிஜம். நானும் சரின்னேன். ஏன் சரின்னேன்? ஆசை. சீக்கிரம் போட்டுப் பார்க்கணும்கிற ஆசை.

பட்டனை அமுக்கினேன். ‘சுர்’ — அவ்வளவுதான். கருகின பிளாஸ்டிக் வாடை. டிஸ்க் செத்துப்போச்சு. விளையாட்டு, விண்டோஸ் எல்லாம் அதுலதான். இன்னும் ஏழே நாள்.

நான் கத்தின கத்தலுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் செத்த டிஸ்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 16, திங்கள்

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா பழைய வயரைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“டிஸ்க் பக்கத்து முனை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். பவர் சப்ளைப் பக்கத்து முனை அப்படி இல்ல. பிளக் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா எந்த ஓட்டையில எந்த கரண்ட்டுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு.” பிறகு இவரைப் பார்த்து, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“லிஃப்ட்ல... இல்ல, படிக்கட்டு கூட்டறேன்மா” என்றார் இவர். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

மற்ற எல்லாவற்றையும் சோதித்தார். கார்டு பிழைத்தது. பவர் சப்ளையும் பிழைத்தது. கார்டு உயிரோடு இருக்கிறது என்றதும் இவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

புது டிஸ்க் புதன்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் இவரே தங்கைக்குப் போன் போட்டார். “உன் அண்ணி ஓடலைம்மா. பெட்டியில நிஜமாவே கோளாறு. அதுக்கு மேல டிஸ்க்கை நான் கொளுத்திட்டேன்.”

ஸ்பீக்கரில் அவள் குரல்: “அண்ணே, பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லு, வேணாங்கலை. ஆனா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லு.”

மார்ச் 18, புதன்

புது டிஸ்க். பைக்குள் இருந்த புது வயர். இந்தத் தடவை நான்தான் மாட்டினேன், இவர் டார்ச் பிடித்தார். பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். பழைய வயர்களை இவரே துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிகிறது, திரை வருகிறது, ஆனால் பவர் சப்ளையின் மின்விசிறி சுற்றவில்லை! கடைக்குப் போன் போட்டால், “சூடானாத்தான் சுத்தும். சும்மா இருக்கறப்ப எதுக்கு சுத்தணும்? நீங்க சும்மா இருக்கறப்ப மூச்சு வாங்குறீங்களா?” என்கிறார். அந்த நிமிஷம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

விண்டோஸ் ஏற்றியாயிற்று. விளையாட்டு இறங்குகிறது. ஒன்பது சதவீதம்.

மார்ச் 20, வெள்ளி

அறுபத்தொன்று சதவீதம். மாமியார் வீடியோவில் பேசுகிறேன் என்றார், இணையத்தை இழுக்கும் என்று மறுத்துவிட்டேன். நான் கெட்ட மருமகள். பரவாயில்லை.

மார்ச் 21, சனி

இறங்கிவிட்டது! தனியாக ஆடிப் பார்த்தேன். வேண்டுமென்றே கதவைத் திறந்துவிட்டு, நூறு எதிராளிகளை உள்ளே விட்டு, இருக்கிற வெடி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொளுத்தினேன். இவர் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார். மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. திரை வெள்ளையானது, சிவந்தது, மறுபடி வெள்ளை.

அணையவில்லை. நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் அணையவில்லை! நாற்காலியிலிருந்து எழுந்து குதித்ததில் முழங்கால் மேசையில் இடித்து நீலம் பாரித்திருக்கிறது.

ஆனால் வீட்டில் தனியாகக் கொளுத்தியதை யார் நம்புவார்கள்?

மார்ச் 22, ஞாயிறு

நாலு மணிக்கு ஆரம்பம். இவர் வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி, மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வாசற்கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தேவையே இல்லை. சொல்லவில்லை, இருக்கட்டும்.

எதிரணி பயங்கரம். பத்தாவது நிமிஷத்தில் மூட்டைப்பூச்சி காலி. பதினான்கில் பல்வலி. எதிராளிகள் கதவுக்கு வந்துவிட்டார்கள். முதல் வெடி வைத்தார்கள்.

காதில் நாத்தனாரின் குரல். அதட்டல் இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். “அண்ணி? இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

இரண்டாவது வெடி. திரை முழுக்க நெருப்பு. எப்போதும் இந்த இடத்தில்தான் போகும்.

“அண்ணி?”

“இருக்கேன்.”

மூன்று, நாலு, ஐந்து. கதவு துண்டு துண்டாகப் பறந்தது. அவள் விழுந்தாள். நான் மட்டும் பாக்கி, எதிரில் நாலு பேர். ஒருவனையாவது சாய்க்கலாம் என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை. கோட்டை போயிற்று.

அப்போது ஒரு திரை வந்தது. ஊதா நிறம், நடுவில் ‘தோல்வி’ என்று பெரிய எழுத்து, கீழே எங்கள் நாலு பேரின் பெயர். இந்தக் கார்டு வந்த பிறகு அந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக இருந்தது! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

காதில் நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

“அண்ணி, கதவை அப்படியா காப்பாங்க? வலது பக்கம் ரெண்டு பேர் வந்ததைப் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா? அந்த வெடியை எதுக்குக் கையிலேயே வெச்சிருந்தீங்க, பொங்கி வரட்டும்னா?”

நிறுத்தவே இல்லை. வலது பக்கம், இடது பக்கம், குறி, வேகம், புத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து முழு அரை மணி நேரம் திட்டினாள். பல்வலியும் நடுநடுவே சேர்ந்துகொண்டாள். நான் ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓடிட்டீங்க என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.