கரையில் ஒரு நாள்

புனாக்கன் தீவு
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் ரெஃப்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கக் கை வரவில்லை. எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. அப்பா போய்விட்டார். மூச்சுத் திணறல் என்று செவ்வாய்க்கிழமை படுத்தவர், வியாழன் விடியற்காலையில் அடங்கிவிட்டார். நேற்று அடக்கமும் முடிந்துவிட்டது.

உனக்குச் சொல்லாமல் அடக்கம் செய்தது நான்தான். வேறு யாரையும் குறை சொல்லாதே. உன் கம்பெனிக்குச் சொன்னால் உன் படகை வானொலியில் கூப்பிடுவார்கள் என்று போதகர் போனை எடுத்தார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஊர் பேசாமல் இருக்குமா? தூரத்துப் பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை மருந்து ஏற்றியாவது உடலை வைத்திருப்பதுதானே நம் வழக்கம். அப்பாவுக்குக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். பக்கத்து வீட்டு மைஸ்கே பந்தலில் உட்கார்ந்து என் காதுபடவே சொன்னாள், "பெத்த புள்ள வராம பெட்டிய மூடுறத இப்பதான் பாக்குறேன். அப்படி என்ன அவசரமாம் இவளுக்கு? அடுத்த மாப்பிள்ளை காத்திருக்கானா?" அடுப்பில் பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. "கறி வேகுற வரைக்குமாவது வாயை மூடுடி" என்றேன்.

உன் அண்ணன் ஸ்டென்லியும் கெஞ்சினான். "தம்பிக்குச் சொல்லிடும்மா. ஒரு நாள் கரையில இருந்துட்டு ஃபிளைட் ஏறுன்னா ஏறுவான். அவனுக்கும் எல்லாம் தெரியும்ல." "உனக்குத் தெரியாததா? நீ ஒரு நாள் கரையில இருந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டான். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலாழத்தில் இறங்கியவன் அன்றைக்கே விமானம் ஏறினால், குலுக்கித் திறந்த சோடா மாதிரி ரத்தம் நுரைத்துவிடும் என்று சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன். எனக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்று அப்பா போனில் அழுததும், பவளப்பாறையிலிருந்து ஏறிய ஈரத்தலையோடு விமானத்தைப் பிடித்தான். நான் பிழைத்துக்கொண்டேன். அவனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பா போனைத் தொட்டதே இல்லை.

நீயும் அதே முக்குளிக்கும் வேலைதான் பார்க்கிறாய், நீயும் அப்படித்தான் ஓடி வந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அப்பா கேட்டார், "சின்னவன் கிளம்பிட்டானா?" கிளம்பிட்டான், வந்துக்கிட்டே இருக்கான் என்றேன். "கப்பல்லயா?" என்றார். "கப்பல்லதான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவே இல்லை. பொய் சொல்லித்தான் அவரை அனுப்பினேன், ரெஃப்லி. அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

உங்கள் படகுக்குச் சமையல் வேலைக்கு வரும் ஓல்வியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சோரோங் துறைமுகத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, நீ கரையில் ஒரு முழு நாள் கழித்த பிறகுதான் கையில் கொடுப்பேன் என்று பைபிள்மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அவளைத் திட்டாதே, சின்னப் பெண். இப்போது விமானம் ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்பாய். வேண்டாம். கப்பலிலேயே வா. அப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும். கோபம் இருக்கும், இருக்கட்டும். வந்து என் முன்னால் இரண்டு காலில் நின்று ஆசை தீரத் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா