உன் மாத்திரை எனக்கு வேண்டாம்

அன்புத் தங்கச்சி,

நீ ஆசையாக அனுப்பிய தைராய்டு மாத்திரையைத் திருப்பி அனுப்புகிறேன். உன்னைப் போலவே எனக்கும் அசதி, முடி கொட்டல், ஊதிப்போன உடம்பு. ஆனால் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மலாம். நோயில்கூட நீ பாஸ், நான் ஃபெயில்!

"இதப் போட்டா நெஞ்சுதான் படபடக்கும், அசதி போகாதும்மா. ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார் டாக்டர். சிரித்து மழுப்பிவிட்டேன்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை இன்று காலை தூக்கி உட்காரவைத்தேன். மூச்சு வாங்குகிறது எனக்கு, அவர் சொல்கிறார், "சின்னவ பாவம்டி, அவளுக்குத் தைராய்டு." வயிறு எரிந்தது. அவரைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது.

அடுத்த முறை மாத்திரைக்குப் பதிலாக நீயே வா. ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள். நான் தூங்கிப் பார்க்கிறேன்.

பொறாமையில் வெந்துகொண்டிருக்கும்,
உன் நார்மல் அக்கா