அணைத்து வைத்த எச்சரிக்கை

அன்புள்ள அப்பாவுக்கு, தாரணி வணக்கத்துடன் எழுதுவது. மர்பி டவுன் ரூமில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

ஆபீசில் ஒரு சின்னக் கலாட்டா. நாங்கள் எழுதும் சி புரோகிராமை ஓட்டாமலே படித்து, "இங்கே பாயிண்டர் காலியாக இருக்கலாம்" என்று, அது பாதியில் நின்றுபோகக்கூடிய இடத்தைக் காட்டி எச்சரிக்க ஒரு டூல் உண்டு. சும்மா கத்துகிறது என்று நினைத்து, அந்த எச்சரிக்கையே வராதபடி அணைத்துவிட்டேன். கஸ்டமரிடம் அதே வரியில் புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது. எனக்காக டீம் லீடர் சுதீர் திட்டு வாங்கினார். "பரவால்ல தாரணி, எல்லாரும் ஆஃப் பண்றதுதான்" என்றார். அதுதான் உறுத்துகிறது.

போன வாரம் போனில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. கேட்டதற்கு, "மாடியேறி வந்தேம்மா" என்றீர்கள். எனக்கு வேலை அவசரம், சரி என்று வைத்துவிட்டேன்.

நம் வீட்டில் மாடி ஏது அப்பா?

நான் கேட்ட ஸ்வெட்டரை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன், டாக்டரிடம் போவோம்.

தாரணி