கசக்காத மாத்திரை

எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் செல்லத் தம்பி முத்து,

நம் சுருளிப்பட்டியில் மறுபடியும் காய்ச்சல் முகாம் போட்டிருக்கிறார்கள். அதே சாவடி, அதே மாதிரி நீள மேசை. உலகச் சண்டை நடப்பதால் பழைய காய்ச்சல் மருந்தான கொய்னா கிடைப்பதில்லையாம். புதிதாக ஏதோ மஞ்சள் மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, கையில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கட்டுவார்களாம். என் மகள் பொன்னுவுக்கு ஐந்து வயது. நாளைக் காலையில் அவளை அழைத்துப் போக வேண்டும்.

இரட்டைப் பிள்ளைகளான நமக்குச் சின்ன வயதில் கட்டியது நினைவிருக்கிறதா? எனக்கு வெள்ளை, உனக்குச் சிவப்பு. சிவப்பு நூல்காரர்களின் மாத்திரை வேப்பங்காயாய்க் கசந்தது. நீ துப்பினாய், தரையில் உருண்டு புரண்டு அழுதாய். மறுநாள் ஆத்தா கம்பவுண்டரிடம் போய் நின்றாள்.

"ஐயா, பயலுக்குக் கசக்காததைக் குடுங்க. பொட்டப்பிள்ளை எதையும் முழுங்கிருவா."

அவர் சிரித்துக்கொண்டே நூலை மாற்றிக் கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபம்! நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும்போதெல்லாம் நீ நாக்கை நீட்டி, தலையை ஆட்டி, "எனக்குக் கசக்கலையே! எனக்குக் கசக்கலையே!" என்று பாடுவாய்.

விட்டு விட்டுக் குளிரும் முறைக்காய்ச்சல் உனக்கு வந்து அந்தப் பாட்டு நின்றுபோனது. உன்னைப் புதைத்த பிறகு ஆத்தா மறுபடி சாவடிக்குப் போனாள். கம்பவுண்டர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "அது வெறும் மாவும்மா. மருந்து தின்ன பிள்ளைக்கும் திங்காத பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்னு டாக்டரய்யா பாக்கணும்னு சொன்னாக."

ஆத்தா அழவில்லை. உன் பங்கு மாத்திரை ஒன்றை வாங்கி வந்து நாக்கில் வைத்துக்கொண்டாள். அது கரைந்த பிறகும் பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். நேற்று அந்தியில் பொன்னு வாசலில் தனியாக நின்றாள். எதிரே வைக்கோல் படப்பைத் தவிர ஒன்றுமில்லை. நாக்கை நீட்டி, தலையை ஆட்டி, உன் ராகத்திலேயே பாடினாள்: "எனக்குக் கசக்கலையே!" அந்தப் பாட்டை நானும் ஆத்தாவும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

"யாருடி சொல்லிக்குடுத்தா?"

"அங்கன நிக்கிற அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"கையில வெள்ள நூலு கட்டியிருக்கே, அந்த அண்ணன். என்னையும் கட்டிக்கச் சொல்லுது."

ஆத்தா உள்ளிருந்து ஓடி வந்தாள். படப்பைப் பார்த்து, சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல, "ஏலே முத்து, உள்ள வாடா. இந்தத் தடவை கசக்குறதையே வாங்கித் தாரேன்" என்றாள்.

பொன்னு ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "போயிருச்சு" என்றாள்.

நூலோடுதானே உன்னைப் புதைத்தோம்? அது முதலில் என் கையில் கட்டிய நூல். அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாயா? எங்களை எச்சரிக்க வந்தாயா? இல்லை, விளையாட்டுத் துணை தேடி வந்தாயா?

முகாமுக்குப் போகாமலும் இருக்க முடியாது. பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கிறார்கள். மருந்து அங்கே மட்டும்தான் இருக்கிறது. எந்த நூலுக்கு மருந்து என்று கேட்டுப் பார்த்தேன். சொல்லக் கூடாதாம். இரண்டு மாத்திரையும் ஒரே மஞ்சள். மருந்துள்ளது மட்டும் கசக்குமாம்.

அதனால் கேட்டுக்கொள், முத்து. நாளை அவள் மாத்திரையை முதலில் என் நாக்கில் வைப்பேன். கசக்காவிட்டால் வரிசையை விட்டு நகர மாட்டேன், யார் கத்தினாலும் சரி. பொன்னுவை உன்னிடம் அனுப்ப மாட்டேன். தனியாக இருக்கப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடு. அவள் வளர்ந்து ஆளானதும் நான் வருகிறேன். அதுவரை அந்த வெள்ளை நூலை நீயே வைத்திரு. வேறு யார் கையிலும் கட்டாதே. அது எனக்குக் கட்டியது.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்தவள்,
உன் அக்கா ராசாத்தி