ஹீட்டர் தண்ணீரை நானே நிறுத்தினேன்

ஞாயிறு, இரவு.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கார் வாசலிலேயே நின்றது. எடுத்தால் முன்சீட்டுக்குக் கீழே தண்ணீர் ஒழுகும். ஏ.சி. தண்ணீர் என்றே அவர் சொல்லுவார். இன்று காரின் கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். பச்சையாக, பிசுபிசுவென்று இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர்தான். ஹீட்டரில் ஓட்டை.

விற்றுவிடலாம் என்று கொழுந்தன் சேகர் வந்திருந்தான். எனக்கு மனசில்லை. அதுவும் போனால் அவர் உட்கார்ந்த இடம் என்று எனக்கு எதுவும் மிஞ்சாது.

"ஒழுகுற வண்டிய வச்சிகினு இன்னா அண்ணி பண்ணப் போறீங்க? காயலாங்கடையில போட்டுடலாம்."

"நம்மூரு வெயில்ல ஹீட்டர் இன்னாத்துக்கு சேகரு? அதுக்குப் போற தண்ணிய நிறுத்திட்டா போதும்."

"யாரு, நீங்களா?"

"கார் கம்பெனி லைன்ல நாள் முழுக்க ஓஸ் கிளிப்தான் டைட் பண்றேன். அந்தக் காரெல்லாம் ஓடாமயா கீது?"

எஞ்சின் ஆறியிருந்தது. ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாயையும் கழற்றினேன். நடுவில் பித்தளைக் குழாய்த்துண்டு வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கினேன். கம்பெனிப் பழக்கத்தில் இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கிளிப் மேல் மார்க்கரால் கோடும் போட்டேன். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

குறைந்திருந்த ரேடியேட்டர் தண்ணீருக்குப் புதுக் கூலன்ட் ஊற்றி, வல்லம் வடகால்வரை அவனே ஓட்டினான். நான் பக்கத்தில் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்தேன். போய் வரும்வரை ஒரு சொட்டு இல்லை.

"சரி அண்ணி, விக்க வேணாம். ஓட்டக் கத்துக்கோங்க" என்றான்.

நாளை எனக்குக் காலை ஷிப்ட். இன்றைக்குச் சோறு இரண்டு வாய் கூடவே இறங்கியது.