ஜெனி தொண்டையில் நான் துடைத்தது

என் ஸ்டெல்லாவுக்கு,

நம் மகள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே. மற்றதெல்லாம் அசிங்கம்தான்.

போன வாரம் ஜெனிக்கு டான்சில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். "தொண்டைல வெள்ளையா பாலாடை மாதிரி படியும் சார். சீழ் இல்ல அது, புண்ணு ஆறுது. தொடவே கூடாது. ரத்தம் வந்தா உடனே கூட்டிகிட்டு வந்துடுங்க." நான் தலையாட்டினேன். அடுத்த வார ஷிப்ட் என்னவென்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் காலை அவள் வாயில் ஒரே நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை. கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். ரப்பர் பார்ட்டில் வெள்ளை தெரிந்தால் துடைத்துப் பார்க்க வேண்டும், போகாவிட்டால் ரிஜெக்ட். வீட்டிலும் நான் டம்ளரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "இது வூடுய்யா, கம்பெனி லைன் இல்ல" என்று நீ பிடுங்கி வைப்பாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு பிடுங்க ஆளில்லை. குச்சியில் பஞ்சைச் சுற்றினேன். "வாணாம்பா, வலிக்குது" என்று அழுதாள். தாடையைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன், ஸ்டெல்லா.

முதல் பஞ்சு வெள்ளையாக வந்தது, அடுத்தது சிவப்பாக. அவள் விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். பிறகு சட்டையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தது அதே நர்ஸம்மா. "படுக்க வைக்காதீங்க. உக்கார வச்சு முன்னால குனிய வைங்க. துப்பட்டும், முழுங்க விடாதீங்க. எதுவும் சாப்பிடக் குடுக்காம உடனே கெளம்புங்க." நம் வடக்குப்பட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அவள் வாய்க்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்தபடி போனேன்.

"தொண்டைல எதுனா பட்டுச்சா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

தியேட்டருக்குள் கொண்டுபோய் ரத்தத்தை நிறுத்தினார்கள். வெளியே, சேதி கேட்டு ஓடிவந்த உன் தம்பி நர்ஸம்மாவிடம் எகிறினான். "இன்னா ஆபரேஷன் பண்ணீங்க? கொயந்த வாயெல்லாம் ரத்தமா கீது. இன்னா சொல்லி அனுப்பனீங்க?" அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். த்தூ.

நேற்று ஜெனி கண் தெளிந்தபோதும் உன் தம்பி நர்ஸம்மாவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான். அவள் முனகினாள். "ஆண்ட்டிய திட்டாத மாமா. நான்தான் பிரஷ்ஷ உள்ள வுட்டுட்டேன்." என் பக்கம் திரும்பவே இல்லை. எட்டு வயது அவளுக்கு. அதிலிருந்து வருகிறவர் போகிறவரெல்லாம் அவளைத்தான் திட்டுகிறார்கள். அம்மா இல்லாத பெண்ணுக்கு இவ்வளவு துடுக்கா என்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றுகிறேன். அவள் தொண்டையைத் துடைத்த அதே கை.

பொய் சொல்ல அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? நான் டாக்டரிடம் "இல்ல சார்" என்றபோது அவள் என் மடியில்தான் இருந்தாள்.

நாலு மணிக்கு டாக்டர் வருவார். நர்ஸம்மா இருப்பார், உன் தம்பியும் இருப்பான். அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், உன்மேல் சத்தியம். ஜெனியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன் பிறகுதான் இந்தக் கையால் அவளுக்குக் கஞ்சி ஊட்டுவேன்.

பெற்ற பிள்ளை தலையில் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் புருஷன்,
அந்தோணி