வண்டிக்குத் தைத்த சட்டை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, என் முகம்தான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவைப் பிடித்தேன். அப்பா ஏன் போனில் பேசாமல் எழுதுகிறார் என்று பதறாதே. போனில் என்றால் எதையாவது கிண்டல் பண்ணி உன்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவேன், அது உனக்கே தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் பள்ளிக்கூடம் போன அழகுக்கு இதுவே ஜாஸ்தி. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது, அதைப் போட்டதிலிருந்து கடையில் இருக்கிற தூசி எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, கூடவே என் லட்சணமும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, கேம்பர் வேனை விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், அடுத்த மாதம் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்றாய். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் லீவு நாள் எல்லாம் உட்கார்ந்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் குட்டி ஃபிரிட்ஜும் வைத்துக் கட்டின வண்டி. அதை விற்கிறேன் என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். காரணம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லையே, காரணம் நான்தானே.

வேனை நம் வாசலில் விட்டுவிட்டு நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை என்னிடம், வேன் திறந்த வெளியில நல்லா வெயில் படுற மாதிரி நிக்கட்டும் மாமா என்று இரண்டு தடவை சொன்னார். வண்டி என்ன துவைச்ச துணியா மாப்பிள்ளை, வெயில்ல காயப் போட என்று நான் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீங்கள் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. சீட் கவர் தைக்கிறவன் வீட்டு வாசலில் மகள் வண்டி வெயிலில் வெளுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள். நல்ல கனமான தார்ப்பாய் எடுத்து, உள்ளே மெத்து மெத்தென்று துணி வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, பக்கக் கண்ணாடிகளுக்குக் காது மாதிரி இரண்டு பை விட்டு, கழுத்திலிருந்து கால் வரை ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டேன். என் கையால் அதைவிட நல்ல உருப்படி ஒன்று வந்ததில்லை. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், தொட்டுப் பார்க்கவும் சொன்னேன்.

அப்படி ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவருக்கு உள்ளேயும் காட்டலாம் என்று கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் எரியவில்லை. சாவியைத் திருகினால் இன்ஜினும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த வேகத்தில்தான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரை வேறு போட்டேன். பக்கத்து டயர் கடைக்காரரும் நின்றுகொண்டிருந்தார். என்ன மாப்பிள்ளை, நீங்க பண்ண கரண்ட் வேலை ஒரு மழைக்குக்கூடத் தாங்கலையே, பேசாம இங்க வந்து ஊசியில நூல் கோக்கக் கத்துக்கங்க என்றேன். கடையே சிரித்தது. அவர், சரி மாமா, நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரல் இப்போதும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் பேட்டரிக்காரரைக் கூட்டி வந்தேன். முதல்ல சட்டையைக் கழட்டுங்கண்ணே என்றார். கழட்டினதும் கூரை மேல் ஏறிப் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இந்தக் கறுப்புத் தகடுதான் வெயிலைக் குடிச்சு பேட்டரிக்குச் சோறு போடுது, அதுக்குக் கம்பளி போத்திட்டு பேட்டரி பட்டினி கிடக்குதுன்னா எப்படி அண்ணே என்றார். வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் என்று ஏதாவது ஒன்று பேட்டரியைக் கொறித்துக்கொண்டே இருக்குமாம், காலியாகவே கிடந்தால் பிறகு எழுந்திருக்காதாம். இன்ஜின் பேட்டரி எப்படியோ பிழைத்துக்கொண்டது. விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் இருந்தது போய்விட்டது, புதிது மாட்டியாகிவிட்டது, அந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

அன்றைக்கே மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், ஸ்பீக்கர் போட்டுத் திட்டத் தெரிஞ்சவருக்கு ஸ்பீக்கர் போட்டு மன்னிப்பு கேக்கத் தெரியாதா என்றாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். நாலு பேரைச் சிரிக்க வைத்தே பிழைத்தவனுக்கு, ஒரு ஆளிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது கண்ணு. அதற்குள் வண்டியே கை மாறுகிற அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது அந்தச் சட்டையின் முதுகில் தகடு அளவுக்குக் கத்தரி வைத்து வெட்டிவிட்டேன். வெட்டும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள், ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வண்டியை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன், மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறேன், மேகம் மூடினால் கடையிலிருந்து வயர் இழுத்து சார்ஜர் மாட்டுகிறேன். தினமும் காலையில் தகட்டைத் துடைக்கிறேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. மாப்பிள்ளை பண்ணின வேலையில் ஒரு குறையும் இல்லை, இதை டயர் கடைக்காரரிடமும் அந்த வாடிக்கைக்காரரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். விளக்கு எரியாத அன்றைக்கு நான் அவருக்கு வைத்த பல்பு மாப்பிள்ளை என்கிற பெயரை இப்போது கடையில் எனக்கு மாற்றிவிட்டார்கள், பல்பு அண்ணன் என்கிறார்கள், சரிதான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. பக்கத்தில் யாராவது இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் இன்னும் நல்லது. வண்டி உங்களுடையது, விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் என் வாயால் அது விற்றுப் போக வேண்டாம். இரண்டு பேரும் மனசு ஒன்றாய், குறை ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. அவரிடம் மறக்காமல் ஒன்று சொல். வெட்டின துண்டை நான் வீணாக்கவில்லை, அவருடைய ஸ்குரூடிரைவர் எல்லாம் வைக்கிற மாதிரி அதில் ஒரு பை தைத்து வண்டிச் சாவியோடு மாட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன். அவரே வந்து இரண்டையும் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசலில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா